ஸாரிக்கு ஆறு இழுப்பறை

கண்டாவா
1994 செப்டம்பர் 11

அன்புள்ள மருமகள் சர்மிதேவுக்கு மாமா விலிஸ் எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று முதலிலேயே சொன்னவன் நான். அந்தக் கனடாக்காரன் க்ளெனின் வெள்ளைக் கார், பால் கேன் வைக்கும் மேடையைத் தாண்டி உன் அம்மா வீட்டுப் பக்கம் திரும்பியபோதே, முன் சீட்டில் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டேன்: அக்கா இலையுதிர்காலத்துக்குள் முதியோர் விடுதிக்குப் போய்விடுவாள் என்று. சாட்சி எங்கே என்று கேட்பாய். காரில் லாட்விய மொழி தெரிந்தவன் நான் ஒருவன்தான், என்ன செய்ய?

போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். வாசலில் க்ளென் என்ன சொன்னான், அதை நான் நம் மொழியில் எப்படிச் சொன்னேன் என்று தபால் அட்டையில் கேட்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்த கதையாக இருந்தாலும் ஒழுங்காகச் சொல்வது என் வழக்கம். கல்லறையில் பேச நின்றாலும் செத்தவர் பிறந்த நாளிலிருந்துதான் நான் தொடங்குவேன். இந்த வட்டாரத்தில் யாரையும் என் பேச்சு இல்லாமல் மண்ணுக்குள் இறக்கியதில்லை.

க்ளெனின் பாட்டன் உலகச் சண்டை முடிகிற சமயம் படகில் தப்பி ஓடியவன். அவன் விட்டுப்போன வீட்டில் கூட்டுப்பண்ணைக்காரர்கள் உன் அம்மாவைக் குடிவைத்தார்கள். நீ அப்போது தொட்டிலில் கிடந்தாய். அன்றிலிருந்து மில்டா அக்கா அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள், ஆப்பிள் மரம் வைத்தாள், உன் அப்பாவை அங்கிருந்துதான் தூக்கிக்கொண்டும் போனோம். இப்போது ஆட்சியும் சட்டமும் மாறி, பழைய சொந்தக்காரரின் வாரிசு என்று வீடு பேரனுக்கு ஆகிவிட்டது. பேரனுக்குப் பாட்டன் மொழியில் ஒரு சொல் வராது. ஊராட்சி அலுவலகத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர் யார் என்று கேட்டிருக்கிறான். விலிஸைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். மீன்பிடிக் கப்பலில் போய் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் மூன்று வருடம் இங்கிலீஷிலேயே மூச்சு விட்டவன் நான்.

முதலில் சந்தையில் இறங்கினோம். உன் அம்மாவுக்கு ரோஜா வாங்க வேண்டும் என்றான். பூக்காரி பதின்மூன்று எடுத்துக் கட்டினாள். இவன் வேண்டாம், பன்னிரண்டு போதும் என்றான். பாவம், அவள் பதறிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, உசுரோட இருக்கறவங்களுக்கு ஒத்தைப்படையிலதான் குடுக்கணும். ரெட்டைப்படை பொணத்துக்கு."

நான் இதை அட்சரம் பிசகாமல் இங்கிலீஷில் சொன்னேன். அவன் சிரித்தான். "அந்தக் கெழவிக்கு இதுவே பொருத்தம்" என்றான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஆனால் மொழிபெயர்ப்பாளன் வாய் திறக்கலாமா? அது தொழில் தர்மம் இல்லை.

அக்கா கஞ்சி போட்ட ஏப்ரன் கட்டி, மேசையில் கறுப்பு ரொட்டியும் சீரகம் போட்ட பாலாடைக்கட்டியும் எடுத்துவைத்திருந்தாள். வாசலுக்கு வந்து பூவை வாங்கினாள். நம் பெண்கள் செய்வது போலப் பார்க்காமலே கட்டைவிரலால் காம்புகளை எண்ணினாள். முகம் அப்படியே சுவர் மாதிரி ஆகிவிட்டது. என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"யாருக்குடா சாவு, விலிஸ்?"

அவள் முகத்தைப் பார்த்து அவன் "ஸாரி" என்றான். நான் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, குரலைக் கொஞ்சம் இறக்கி, "தங்கள் ஆழ்ந்த துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன்" என்று சொன்னேன். அவள் பூவைப் படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவன் கதவைப் பார்த்து இன்னொரு முறை "ஸாரி" என்றான். நானும் இன்னொரு முறை, இன்னும் அழகாகச் சொன்னேன்.

பிறகு அவன் என்னிடம் நீளமாக என்னவோ பேசினான். சாராம்சம் என்னவென்றால், அவள் உயிரோடு இருக்கும்வரை வீடு அவளுக்குத்தான், கோடையில் மட்டும் வந்து பின்னறையில் தங்கிக்கொள்கிறேன் என்பது. நான் சாவித் துவாரத்தில் வாயை வைத்துச் சொன்னேன்: "அக்கா, நீ சாகற வரைக்கும் இங்கயே இருக்கலாமாம்."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "அதுக்கு நாள் குறிச்சுட்டுத்தானே பூவோட வந்திருக்கான்?"

மறுநாள் போய்ச் சந்தையில் நடந்ததை ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன். மறைப்பது எனக்குப் பழக்கமில்லை. அந்த வாரமே பால் லாரியை நிறுத்தி, மூட்டையோடு ஏறி, தானாகவே விடுதிக்குப் போய்விட்டாள். யாரும் துரத்தவில்லை. சட்டப்படி துரத்தவும் முடியாது. அவள் வைராக்கியம் உனக்குத் தெரியாததா?

வாத்துகளை நான் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டில் நன்றாகத் தின்கின்றன. அதில் ஒன்று, கழுத்தில் சாம்பல் பட்டை உள்ளது, என்னைக் கண்டால் தலை குனிகிறது. மற்றவற்றைப் பற்றி அடுத்த பக்கத்தில்.

உன் மாமா
விலிஸ்


ரீகா
செப்டம்பர் 19

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாத்துகளைப் பற்றிய பக்கத்தைத் தவிர மற்றதை இரண்டு முறை படித்தேன்.

நான் வேலை செய்யும் ஆங்கில-லாட்விய அகராதியில் இந்த மாதம் என் மேசைக்கு வந்திருக்கும் சொல் எது தெரியுமா? ஸாரி. நான் கேட்டு வாங்கவில்லை, எழுத்து வரிசையில் வந்தது. ஆங்கிலக்காரர்கள் நாளெல்லாம் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும் சொல். அவர்களுக்கு எல்லா இடத்துக்கும் அது ஒன்று போதும். நமக்குப் போதாது. அதனால் அட்டைகளை ஆறு இழுப்பறைகளில் பிரித்து வைத்திருக்கிறேன். பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்துவிட்டால் சொல்வது முதலாவதில். காதில் விழாதபோது திரும்பக் கேட்பது இரண்டாவதில். கடையில் சாமான் இல்லை என்று கையை விரிப்பது அடுத்தது. நனைந்த நாய்க்குட்டியைப் பார்த்து ஐயோ பாவம் என்பது நான்காவது. ஐந்தாவது சாவு வீட்டுக்கு உரியது. ஆறாவதில், தெரிந்தே ஒரு தப்பைச் செய்துவிட்டு, என்னை மன்னித்துவிடு என்று கேட்பது. அந்த இழுப்பறை கிட்டத்தட்டக் காலி.

வாசலில் க்ளென் சொன்னது முதல் இழுப்பறைச் சொல். எதையோ மிதித்துவிட்டோம், எதை என்றுகூடத் தெரியவில்லை என்று நிற்பவனின் சொல். நீங்கள் ஐந்தாவதைத் திறந்தீர்கள். கையில் இரட்டைப்படைப் பூவோடு நிற்கும் ஒரு பெண்ணிடம், தொப்பியைக் கழற்றிவிட்டு.

அதைக்கூட விட்டுவிடலாம். உங்கள் வாயில் சாவு வீட்டுச் சொற்கள்தான் தயாராக இருக்கும் என்று அம்மாவுக்கும் தெரியும். அவளைக் கொல்வது அது இல்லை.

க்ளெனிடமிருந்து கடிதம் வந்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டை மர வியாபாரி ஒருவன் கேட்கிறானாம். தோட்டத்தோடு, முன்னால் நிற்கும் லிண்டன் மரங்களோடு. நவம்பர் பத்து, மார்ட்டின் திருநாள் வரை பதில் சொல்லாமல் வைத்திருக்கிறேன், அதற்குள் அம்மா வீட்டுக்குத் திரும்பினால் விற்கவே மாட்டேன் என்று எழுதியிருக்கிறான்.

போன ஞாயிறு விடுதிக்குப் போனேன். நான்கு கட்டில் போட்ட அறை. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை. "என்னைத்தான் வழியனுப்பிட்டாங்களே, அப்புறம் எனக்கு எதுக்குடி கரண்டி?" என்கிறாள். கனடாவில் ரோஜாவை டஜன் கணக்கில்தான் வாங்குவார்கள், அங்கே இரட்டைப்படைக்கு ஓர் அர்த்தமும் கிடையாது என்று சொன்னேன். எழுந்து உட்கார்ந்தாள். வெகு நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"தெரியாமக் குடுத்திருந்தா, நானே ஒரு பூவை உருவிப்போட்டுட்டு உள்ள வாடா பையான்னிருப்பேன். தெரிஞ்சே குடுத்துட்டு சிரிச்சானாமே. அவன் வீட்டு வாசப்படிய நான் எப்படிடி மிதிப்பேன்?"

சிரித்தான் என்பது உங்கள் வாயிலிருந்து மட்டும்தான் வந்திருக்கிறது. அதனால் நேராகவே கேட்கிறேன். சந்தையில் பூக்காரி அவனை எச்சரித்தாளா? நீங்கள் அதை அவனுக்குச் சொன்னீர்களா? அவன் சிரித்தானா? அலங்காரம் வேண்டாம். ஆம் அல்லது இல்லை.

சர்மிதே


கண்டாவா
அக்டோபர் 2

மருமகளே,

ஆம் அல்லது இல்லை என்று என்னிடம் கேட்ட கடைசி ஆள் ஒரு ராணுவ அதிகாரி. அவனுக்கே ஒரு மணி நேரம் பதில் சொன்னேன். கடைசியில் அவன் எனக்கு டீ வரவழைத்தான்.

முதலில் உன் அகராதி. ஆறு இழுப்பறை பற்றாது. ஹாலிஃபாக்ஸில் ஒரு போலீஸ்காரன், ஆறடி மூன்றங்குலம், என் முன்னால் வந்து நின்று மரியாதையாக "ஸாரி" என்று சொல்லிவிட்டு மூக்கில் குத்தினான். அதை எந்த இழுப்பறையில் போடுவாய்? புத்தகம் படித்தவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காது. அங்கே ஒரு விதவை தினமும் ஜன்னலில் நின்று என்னைப் பார்த்து "ஸாரி" சொல்வாள். அதற்கு நான் இங்கே அர்த்தம் எழுத முடியாது, நீ கல்யாணமாகாத பெண். உன் புத்தகத்தின் முன்பக்கத்தில், வாய்மொழி உதவி: விலிஸ் அவர்கள், கடலோடி, மொழிபெயர்ப்பாளர், சொற்பொழிவாளர் என்று ஒரு வரி போட்டால் இன்னும் நிறைய தருவேன்.

நான் திறந்தது தவறான இழுப்பறை என்கிறாய். அவன் கொடுத்தது ஒற்றைச் சொல். நான் அதற்கு ஒரு முழு வாக்கியம் கொடுத்தேன். நம் மொழியில் இருப்பதிலேயே கௌரவமான வாக்கியம் அது. நீதிபதி செத்தபோது சொன்னேன், பால் பண்ணைத் தலைவி செத்தபோது சொன்னேன். உன் அம்மாவுக்கு அதைவிட மட்டமாக ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டுமா?

சந்தை விஷயம் அத்தனையும் சத்தியம். பூக்காரியைக் கேட்கலாம் என்று நினைப்பாய். அவள் ஆகஸ்டிலேயே மகளோடு ஜெர்மனிக்குப் போய்விட்டாள். ஆக, பார்த்தவன் நான் ஒருவன். கடவுள் எல்லாவற்றுக்கும் என்னையே சாட்சியாக வைக்கிறார்.

நேற்று அக்காவைப் பார்க்கப் போனேன். அவளுடைய பிறந்தநாள், உனக்கு வர முடியவில்லை. குங்குமப்பூ போட்ட பெரிய வளைவு கேக் வாங்கிப் போனேன். அவள் தொடவில்லை. நானும் அறையிலிருந்த மற்ற மூன்று கிழவிகளும் சாப்பிட்டோம். அதில் கண் தெரியாத ஒருத்தி, நல்ல ரசனை உள்ளவள், "நீங்கதான் பேசற விலிஸா, எம் புருஷன் சாவுக்கு நீங்க பேசினதுலதான் அவரு நல்லவருன்னே எனக்குத் தெரிஞ்சுது" என்றாள். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? சந்தைக் கதையைக் கேட்டார்கள். சொன்னேன். அக்கா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

விலிஸ்


ரீகா
அக்டோபர் 16

மாமா,

ஹாலிஃபாக்ஸில் நீங்கள் இருந்தது மூன்று வருடம் அல்ல, மூன்று நாள். கப்பல் எஞ்சின் பழுதாகி நின்றது. அதிலும் கரை இறங்க உங்களுக்கு அனுமதி இல்லை. தளத்தில் நின்று கரையில் இருந்தவர்கள் கத்தியதைக் கேட்டீர்கள். அம்மா எப்போதோ சிரித்துக்கொண்டே சொன்னது. "போகட்டும்டி, அவனுக்குன்னு ஒரு கதையாவது இருக்கட்டும்" என்று அப்போது சொன்னாள். உங்களை அவள் ஒருநாளும் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை.

க்ளெனுக்கு அலுவலகத்திலிருந்து போன் செய்தேன். பூக்காரி கட்டிக் கொடுத்ததை வாங்கினானாம், எண்ணவே இல்லையாம். நீங்களும் அவளும் ஏதோ பேசிச் சிரித்தீர்களாம், அவனிடம் யாரும் ஆங்கிலத்தில் எதுவும் சொல்லவில்லையாம். அம்மாவுக்கு ஏன் கோபம் வந்தது என்று இன்றுவரை தெரியாமலே மூன்று மாதமாக அவளுக்கு என்ன அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். விஷயத்தைச் சொன்னேன். "ஸாரி" என்றான். அவன் செய்யாத தப்புக்கு. அதை எழுதிக்கொள்ள என் கை பென்சிலைத் தேடியது, அதற்காக எனக்கே வெட்கமாக இருந்தது.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாட்டிக்கிட்டவன் அப்படித்தான் சொல்லுவான். விலிஸ் ஊர்க் கதையெல்லாம் விடுவான்டி, இல்லேங்கல. ஆனா சாவுப் பூ விஷயத்துல பொய் சொல்ல மாட்டான். அது அவன் சோறு. அதுவும் எங்கிட்டயா? அவன வளர்த்தவ நான்."

உங்கள் வாய் ஒன்றுதான் அவளுக்குச் சாட்சி. உங்களிடம் உண்மையைக் கேட்டு இனி எழுத மாட்டேன். அது எனக்கு வேண்டாம், உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் ஒரு பொய்யாவது சொல்லுங்கள். எத்தனை பேர் பெட்டிமேல் நின்று நல்ல பொய் சொல்லியிருப்பீர்கள். குடிகாரனைத் தியாகி ஆக்கினீர்கள். பெண்டாட்டியை அடித்தவனைக் குலவிளக்கு ஆக்கினீர்கள். உயிரோடு இருக்கும் ஒருத்திக்காக ஒரே ஒரு வரி. "அவனுக்குத் தெரியாதுக்கா, நான்தான் கூட்டிச் சொன்னேன்." இவ்வளவுதான். மறுநாளே நான் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போவேன். அடுப்பைச் சுத்தம் செய்ய ஆள் சொல்லிவைத்திருக்கிறேன்.

மார்ட்டின் திருநாள் நெருங்கிவிட்டது. இதுவரை நான் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்கிறேன்.

சர்மிதே


கண்டாவா
நவம்பர் 3

அன்புள்ள சர்மிதே,

போனேன். நீ கேட்டு இல்லை என்று சொல்கிறவனா நான்? புதுச் சட்டை, க்ளெனோடு போனபோது போட்ட அந்தக் கறுப்புக் கோட்டு, தலைக்கு எண்ணெய்.

உன் வரியை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டேன். அறைக்குள் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தேன். சத்தியமாகத் தொடங்கிவிட்டேன். "அக்கா, அந்தச் சந்தை விஷயம்" என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கண் தெரியாத கிழவி பக்கத்து அறைக்காரிகளை எல்லாம் கூப்பிட்டுவிட்டாள். சமையற்காரி கூடக் கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றாள். அவர்களுக்கு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது சொல். ஜன்னலைப் பார்த்தால் மழை, சுவரைப் பார்த்தால் காலண்டர்.

"அப்புறம் அவன் சிரிச்சானாமே, எங்களுக்கும் சொல்லுங்க" என்றாள் அந்தக் கிழவி.

அத்தனை பேர் வாய் பிளந்து காத்திருக்கும்போது, அவன் சிரிக்கவில்லை என்று சொல்ல எந்த மனிதனுக்காவது மனசு வருமா? நீயே சொல். ஓர் அறை முழுக்க இருப்பவர்களை வெறுங்கையோடு அனுப்புவதா? சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. எச்சில் விழுங்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. இரண்டு முறை சிரித்தான் என்றேன், விரலில் எச்சில் தொட்டு எண்ணினான் என்றேன். சமையற்காரி அழுதுவிட்டாள்.

அக்கா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்தபிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பதிமூணாவது பூவ என்ன பண்ணான்?"

எதிர்பாராத கேள்விதான். ஆனால் நான் திகைப்பவன் இல்லை. சேற்றில் போட்டு பூட்ஸால் மிதித்தான் என்றேன். அறையே உச்சுக்கொட்டியது. அக்கா என் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி போட்டு அவள் பார்த்து ரொம்ப நாளாகிறதல்லவா, அசந்துபோயிருப்பாள். பிறகு, "சரி, போடா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை. ஆக எல்லாம் சுமுகமாகவே முடிந்தது.

மனசு மாறினால் அவளே கிளம்புவாள். மார்ட்டின் திருநாளுக்கு நீ இங்கே வா. சாம்பல் பட்டை வாத்தைத்தான் அறுக்கிறேன். ஆப்பிள் வைத்து வேகவைத்தால் உன் அம்மா கைப்பக்குவம் வரும்.

விலிஸ்


ரீகா
நவம்பர் 20

மாமாவுக்கு,

மார்ட்டின் திருநாள் போய்விட்டது. க்ளென் அதற்கு மேலும் சில நாள் பொறுத்தான். பிறகு விற்றுவிட்டான். லிண்டன் மரங்களை வெட்டியாகிவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். வீட்டின் முகத்தில் இவ்வளவு வெளிச்சம் விழுந்து நான் கண்டதில்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

அம்மா நேற்று காலை போய்விட்டாள். சமையற்காரி கஞ்சி கொண்டுபோனபோது பார்த்திருக்கிறாள். நோய் ஒன்றும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் கடைசி வருகைக்குப் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை என்று அறையில் சொன்னார்கள். கண் தெரியாத அந்த அம்மா மட்டும், நீங்கள் இனி எப்போது வருவீர்கள் என்று கேட்டார்.

சனிக்கிழமை அடக்கம். அப்பாவுக்குப் பக்கத்தில். நீங்கள் பேசக் கூடாது. பக்கத்து ஊரான துக்குமிலிருந்து வேறு ஒருவரை அழைத்திருக்கிறேன். நீங்கள் வரலாம், எல்லோரையும் போலக் குழியில் மணல் போடலாம், பூ கொண்டுவரலாம். எண்ணிக்கை உங்களுக்குத் தெரியும்.

க்ளென் தந்தி அனுப்பியிருக்கிறான். ஒரே சொல். இந்த முறை அது ஐந்தாவது இழுப்பறையேதான், எந்தச் சந்தேகமும் இல்லை. மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

என் பதிவை முடித்துக் கொடுத்துவிட்டேன். முதல் ஐந்துக்கும் உதாரணம் இருக்கிறது. ஆறாவதுக்குக் கிடைக்கவில்லை. என்னைச் சுற்றி யாரும் அந்த அர்த்தத்தில் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வரி மட்டும் காலியாக அச்சுக்குப் போகிறது. வசந்தத்தில் மெய்ப்பு வரும்வரை இடம் இருக்கும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

சர்மிதே


கண்டாவா
டிசம்பர் 1

அன்புள்ள மருமகளே,

எழுத வேண்டாம் என்றாய். ஆனால் அடக்கம் முடிந்தபிறகு யாராவது ஒருவர் அது எப்படி இருந்தது என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அது நடந்ததாகவே ஆகாது.

துக்கும்காரன் பேச்சு பரிதாபம். பார்த்துப் படித்தான். அக்கா பிறந்த வருடத்தைத் தப்பாகச் சொன்னான், ஆப்பிள் மரத்தைப் பேரி மரம் என்றான். அவளைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, அதனால்தான் ஒருவரும் அழவில்லை. கல்லறைக்குப் போகும் பாதையில் ஊசியிலைக் கிளைகளைச் சரியாகப் பரப்பக்கூட ஆள் இல்லை, நான்தான் காலால் தள்ளி ஒழுங்குபடுத்தினேன். சாப்பாட்டு மேசையில் இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று எழுந்தேன். நீ பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருடத்தில் விலிஸ் எழுந்து பேசாமல் உட்கார்ந்தது அன்றுதான். அவித்த சாம்பல் நிறப் பட்டாணியைத் தட்டிலேயே ஒதுக்கி வைத்தேன். உப்பு அதிகம் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

மணலை நான் மூன்று கை போட்டேன். பூவை வைத்தேன். நீ அந்தப் பக்கம் திரும்பவில்லை. ரோஜா, சிவப்பு, பன்னிரண்டு. நானே எண்ணி வாங்கினேன்.

இப்போது உன் புத்தகத்துக்கு வருவோம். உங்களைப் போன்ற அகராதிக்காரர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் யார் வாயிலிருந்து, எங்கே, எப்போது வந்தது என்று சரியாக இருக்க வேண்டும். அதனால் ஒரு சின்னத் திருத்தம். சந்தையில் நடந்தது பற்றி நான் சொன்னதெல்லாம் நடந்த மாதிரியேதான். அந்தக் கதையில் ஒரே ஒரு இடத்தில்தான் கை வைத்தேன். பூக்காரி பதின்மூன்று கட்டினாள். அவன் பதின்மூன்றையும் வாங்கிக்கொண்டான். எண்ணவில்லை, சிரிக்கவில்லை, அவனிடம் நான் ஒன்றும் சொல்லவுமில்லை, ஒற்றைப்படை ஏன் என்று அவள் சொன்னதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவும் இல்லை. கட்டு என் மடியில் இருந்தது. மொழிபெயர்ப்பாளன் என்றால் பார்க்க ஒரு தினுசாக இருக்க வேண்டாமா? பால் கேன் மேடை தாண்டித் திரும்பும் இடத்தில் ஒன்றை உருவி என் கறுப்புக் கோட்டின் பொத்தான் துளையில் செருகிக்கொண்டேன்.

வாசலில் அக்கா காம்புகளை எண்ணி முடித்துத் தலை நிமிர்ந்தபோது அது அவள் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. அப்போது அவளுக்கு அந்த ஒன்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. விடுதியில் தோன்றியிருக்கும் போலிருக்கிறது.

ஆறாவது இழுப்பறைக்கு உதாரணம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாயே. வசந்தம் வரை இடம் இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இதைப் போட்டுக்கொள். முன்பக்கத்தில் வேண்டாம். அந்த வரிக்குக் கீழேயே, சின்ன எழுத்தில், என் பெயர்.

விலிஸ்